மழைச் சாலையில் பிடித்து நிற்கும் டயர்

மாற்று டயர் வாங்கக் கடைக்குப் போகிறவர் வழக்கமாகக் கேட்பவை மூன்று: என்ன விலை, எத்தனை கிலோமீட்டர் ஓடும், அடிக்கடி பஞ்சர் ஆகுமா. மழையில் பிடிக்குமா என்ற கேள்வி அரிதாகத்தான் எழுகிறது; எழுந்தாலும் எல்லா டயரும் நன்றாகவே பிடிக்கும் என்ற பதிலோடு அடங்கிவிடுகிறது. காய்ந்த சாலையில் அந்தப் பதில் ஓரளவு உண்மைதான். அங்கே நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் உள்ள தூரம் குறைவு. நனைந்த சாலையில் அந்தத் தூரம் விரிந்துவிடுகிறது. டயர்கள் ஒன்றிலிருந்து ஒன்று உண்மையாக வேறுபடும் இடமே ஈரம்தான். ஆகவே தேர்வும் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம். மழைப் பிடிப்பு என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடுவது இரண்டு தனித்தனிக் குணங்கள். ஒன்று ரப்பரின் கலவையில் இருக்கிறது. வாங்கும் நாளில் மட்டுமே அதைத் தேர்ந்துகொள்ள முடியும். மற்றது டயர் முகத்துப் பட்டனின் ஆழத்திலும் காற்றழுத்தத்திலும் இருக்கிறது. அதை வாங்கிய பிறகு காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட நாள் உழைக்கும் டயரைத் தேடி வாங்கி, மொட்டையாகும்வரை ஓட்டும் நம் பழக்கம், முதல் குணத்தைக் கடையிலேயே கைவிடுகிறது. இரண்டாவதைச் சாலையில் கைவிடுகிறது.

எவ்வளவு இழக்கிறோம் என்பதை எளிய கணக்கிலேயே பார்த்துவிடலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 22 மீட்டர். நனைந்த தார்ச் சாலையில் நல்ல டயருக்கு உராய்வுக் கெழு 0.7 என்றும், கடினமான அல்லது தேய்ந்த டயருக்கு 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். நடைமுறையில் காணக்கூடிய அளவுகள்தான் இவை. பிரேக் பிடித்த கணத்திலிருந்து முதல் கார் 36 மீட்டரில் நிற்கும், இரண்டாவது கார் நிற்க 50 மீட்டர் ஆகும். 14 மீட்டர்தானே என்று தோன்றலாம். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் தாண்டும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 43 கிலோமீட்டர். முன்னால் நிற்பது ஒரு லாரியின் பின்புறம் என்றால், ஒருவர் தப்பிவிட்ட இடத்தில் மற்றவர் 43 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறார். பிரேக், ஓட்டுநர், சாலை எல்லாம் ஒன்றே. மாறியது ரப்பர் மட்டும்.

அந்த ரப்பர் ஈரத்தில் எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிந்தால் விளம்பரங்களைப் படிக்கும் கண்ணே மாறிவிடும். காய்ந்த சாலையில் ரப்பர் ஓரளவுக்குத் தரையோடு நேரடியாக ஒட்டிப் பிடிக்கிறது. நீர் நடுவே வந்ததும் அந்த ஒட்டல் பெரும்பாலும் போய்விடுகிறது. மிஞ்சுவது வேறொரு வழி: ஜல்லிக் கற்களின் நுண்ணிய முனைகள் மேல் வழுக்கும்போது ரப்பர் அமுங்கி எழுகிறது. அமுக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிறது. காரின் வேகத்தைத் தின்பது அந்த இழப்புதான். ஆனால் அதே இழப்பு, சக்கரம் சாதாரணமாக உருளும்போதும் நிகழ்ந்தால் பெட்ரோல் வீணாகும். நல்வாய்ப்பாக, இரண்டும் நிகழும் கதி வேறு. 80 கிலோமீட்டர் வேகத்தில் டயர் வினாடிக்கு ஏறக்குறைய 12 முறைதான் சுற்றுகிறது. நுண்முனைகள் மேல் ரப்பர் அதிர்வதோ வினாடிக்குப் பல்லாயிரம் முறைக்கும் மேல். வேகமான அதிர்வில் ஆற்றலை விழுங்கி, மெதுவான அமுக்கத்தில் விழுங்காமல் இருக்கும் கலவையைத்தான் டயர் வேதியியலாளர்கள் தேடினார்கள். கார்பன் பிளாக் என்னும் கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காவைச் சேர்த்த கலவை அந்தத் தேடலின் பெரிய திருப்பம். 1992-இல் மிஷெலின் 'பசுமை டயர்' என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிப்பு, நீடித்த உழைப்பு என்ற மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பது இத்துறையின் பழைய பாடம். சிலிக்கா அந்த முக்கோணத்தைப் பெரிதாக்கியது. அதன் மூலைகளை அது அழித்துவிடவில்லை.

அழிக்கவில்லை என்பதற்கு நிறுவனங்களின் விற்பனைப் பட்டியலே சான்று. குட்இயர் இந்தியாவில் அஷ்யூரன்ஸ் டியூராபிளஸ் என்ற வரிசையை நீண்ட உழைப்பைச் சொல்லி விற்றது. அஷ்யூரன்ஸ் டிரிபிள்மேக்ஸ் என்ற வரிசையை ஈரச் சாலையில் குறுகிய தூரத்தில் நிற்பதைச் சொல்லி விற்றது. சியட் மைலேஸ் என்ற வரிசையை உழைப்புக்காகவும் செக்யூராடிரைவ் என்ற வரிசையைப் பிடிப்புக்காகவும் தனித்தனியே வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே டயரில் முழுமையாகத் தர முடிந்தால் எந்த நிறுவனமும் இரண்டு வரிசைகளை நடத்திக்கொண்டிருக்காது. ஒரு டயர் லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று முன்னிறுத்தி விற்கப்படும்போது, அந்த உழைப்புக்கு ஈடாக எதைக் குறைத்தார்கள் என்று கேட்பதே அறிவுள்ள கேள்வி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். தமிழ்நாட்டு வெயிலில் மென்மையான ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். மழை பெய்வதோ சில மாதங்கள். அதற்காக ஆண்டு முழுவதும் செலவு செய்ய முடியுமா? செலவை முதலில் கணக்கிடுவோம். ஒரு டயர் 6,000 ரூபாய், நான்கு டயர் 24,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரு தொகுதி 60,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 40 காசு; 40,000 கிலோமீட்டரே ஓடினால் 60 காசு. வேறுபாடு 20 காசு. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் காரில், பெட்ரோல் நூறு ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய்க்கு மேல் எரிகிறது. அதன் பக்கத்தில் இந்த 20 காசு மிகச் சிறியது. அடுத்து, மழை சில மாதங்களே என்ற வாதம். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. நாட்கள் குறைவு, பொழிவு கனமானது. தூறலாக ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கும் மழையைவிட இப்படிக் குவிந்து விழும் மழைதான் டயரைக் கடுமையாகச் சோதிக்கிறது. வெயிலில் மாதக்கணக்கில் தூசியும் எண்ணெய்க் கசிவும் படிந்து கிடக்கும் சாலையில் முதல் மழை விழும்போது உண்டாகும் வழுக்கலையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை: மழை சாலையையும் குளிர்வித்துவிடுகிறது. டயர்களின் ஈரப் பிடிப்பை அளக்கும் சர்வதேச விதிமுறை சாதாரண டயர்களுக்கு நனைந்த தளம் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்கிறது. நம் மழைக்காலச் சாலை அந்த எல்லைக்குள்தான் விழுகிறது. அங்கே நல்ல முடிவு தந்த கலவை இங்கே தலைகீழாக மாறிவிடும் என்று அஞ்சக் காரணம் இல்லை.

சரி, நல்ல கலவையைக் கடையில் எப்படி அடையாளம் காண்பது? கண்ணால் முடியாது, விரலால் அழுத்திப் பார்த்தும் முடியாது. அளந்த எண்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பர் முதல் கார் டயர்களுக்கு முத்திரை கட்டாயமாக்கியது. 2021 மே முதல் அதன் திருத்திய வடிவம் நடப்பில் இருக்கிறது. அதில் ஈரப் பிடிப்பு ஏ முதல் ஈ வரை ஐந்து படிகளாகத் தரப்படுகிறது. ஒரு பொது ஒப்பீட்டு டயரோடு வைத்து ஒவ்வொரு டயரையும் நனைந்த தளத்தில் பிரேக் பிடித்து அளந்து, ஒரு குறியீட்டெண் கணக்கிடுகிறார்கள். சாதாரண கார் டயருக்கு அங்கே சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 1.1, ஏ படி பெற 1.55 வேண்டும். சட்டத்தை நிறைவேற்றிய டயருக்கும் முதல் படி டயருக்கும் நடுவே நாற்பது விழுக்காடு இடைவெளி இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவிலும் 2022 ஜூனில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 95-ஆம் விதி திருத்தப்பட்டு, உருள்தடை, ஈரப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் ஏஐஎஸ்-142 தரநிலை கட்டாயமானது. இது நல்ல முன்னேற்றம். படுமோசமான டயர்களை அது வடிகட்டும். ஆனால் தேறிய டயர்களுக்குள் எது 1.1-ஐ ஒட்டி நிற்கிறது, எது 1.5-ஐத் தாண்டுகிறது என்பதை வாங்குபவருக்கு அது சொல்வதில்லை. எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திர முத்திரை டயர்களுக்கும் வந்திருக்கிறது. அந்த நட்சத்திரங்கள் தரம் பிரிப்பது எரிபொருள் சிக்கனத்தை. ஐந்து நட்சத்திரம் பார்த்து, மழையிலும் இதுவே முதன்மை என்று எடுத்துக்கொள்வது தவறு.

சில டயர்களின் பக்கச் சுவரில் அமெரிக்கத் தர எழுத்துகளும் இருக்கும். அதில் டிராக்ஷன் என்ற இடத்தில் ஏஏ, ஏ, பி, சி என நான்கு படிகள். நனைந்த தார், நனைந்த கான்கிரீட் இரண்டின் மேலும் சக்கரத்தைப் பூட்டி இழுத்து அளந்தவை அவை. தாரில் 0.54-க்கு மேல் போனால் ஏஏ, 0.47-க்கு மேல் ஏ. வளைவில் எப்படிப் பிடிக்கும் என்பதையும், தேங்கிய நீரில் என்ன ஆகும் என்பதையும் அது அளப்பதில்லை. ஆயினும் வேறு எண்ணே கிடைக்காத இடத்தில் பி-யை விட்டு ஏ-யை எடுப்பது சரியான முடிவே. அருகிலேயே டிரெட்வேர் என்று பொறித்திருக்கும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது உழைப்பின் அளவு, அதையும் நிறுவனங்களே தமக்குக் கொடுத்துக்கொள்கின்றன. ஐரோப்பியச் சோதனை முடிவுகளைப் படித்துவிட்டு இங்கே வாங்குவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே பெயரில் விற்கும் டயர் எல்லா நாட்டிலும் ஒரே கலவையில் வருவதில்லை. 2020 ஜூனில் இந்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு இங்கே தயாராவதே பெரும்பாலும் கிடைக்கிறது. எனவே வெளிநாட்டு முடிவு ஒரு குறிப்பு மட்டுமே. நம் காருக்கான அளவில், நம் ஊரில் விற்கும் அதே டயருக்கு என்ன குறியீட்டெண் என்று நிறுவனத்திடமே எழுதிக் கேட்கலாம். விதிப்படி சோதித்தவர்களிடம் அந்த எண் இருந்தாக வேண்டும்.

இதுவரை சொன்னது மெல்லிய நீர்ப்படலத்தின் கதை. ஈரப் பிடிப்புச் சோதனையில் தளத்தின் மேல் நிற்கும் நீர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஏ படி பெற்ற டயர் கூட, தேங்கிய நீரில் என்ன செய்யும் என்பதை அந்தச் சோதனை பேசாது. கனரக லாரிகள் அழுத்தி அழுத்தித் தடம் பள்ளமாகிப் போன நெடுஞ்சாலைகளில் அந்தப் பள்ளங்கள் நீளவாக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. 185 மில்லிமீட்டர் அகல டயர், 2 மில்லிமீட்டர் நீரின் மேல் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வினாடிக்கு 8 லிட்டர் நீரை ஒதுக்கியாக வேண்டும். டயரின் ஒரு பகுதி தரையைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஏழு பங்குதான். பக்கவாட்டில் வெளியேறாத நீர் டயரின் பள்ளங்களுக்குள் ஒதுங்க வேண்டும். டயர் முகத்தில் பள்ளங்கள் முப்பது விழுக்காடு இடம் எடுக்கின்றன என்று வைத்தால், 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள புது டயர் 2.4 மில்லிமீட்டர் நீரைத் தனக்குள் அடக்கிக்கொள்ளும். 3 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் 0.9. சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லையான 1.6 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டர் கூட இல்லை. ஒதுங்க இடமில்லாத நீர் டயரைத் தூக்குகிறது. ஸ்டியரிங் திடீரென லேசாகிறது. அந்த நேரத்தில் எந்தக் கலவையும் உதவாது, ஏனென்றால் ரப்பர் தரையைத் தொடவே இல்லை.

நீரின் மேல் மிதக்கும் இந்த நிகழ்வை நாசாவின் வால்டர் ஹார்னும் அவரது உடன் ஆய்வாளரும் விமானச் சக்கரங்களுக்காக ஆராய்ந்து 1963-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள்: மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் 32 பிஎஸ்ஐ காற்றுக்கு மணிக்கு 94 கிலோமீட்டர். 25 பிஎஸ்ஐ ஆனால் 83. 20 ஆனால் 75-க்கும் கீழே. பட்டன் முழுதாக உள்ள கார் டயர் இதைவிட நன்றாகவே தாங்கும். பள்ளம் இருந்தும் இல்லாதது போல் ஆகிவிட்ட டயருக்குத்தான் இந்த எண்கள் நெருக்கமாகப் பொருந்தும். அகலம், தரையைத் தொடும் பரப்பின் வடிவம் ஆகியவையும் அதை மாற்றும். ஆனால் திசை தெளிவானது. 2018-இல் நான்கு வழிப் பிரிப்புச் சாலைகளில் கார்களுக்கான வேக எல்லை 100 கிலோமீட்டராக நிர்ணயிக்கப்பட்டது. மொட்டை டயரும் குறைந்த காற்றும் உள்ள கார், சட்டத்தை மீறாமலேயே, தேங்கிய நீரில் மிதக்கும் வேகத்தைத் தாண்டிவிட முடியும். மாதம் ஒருமுறை, டயர் சூடேறுவதற்கு முன், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று பிடிப்பது வாங்கும் விலையில் ஒரு பைசாவும் கூட்டாத மழைப் பாதுகாப்பு. மென்மையாக ஓடட்டும் என்று காற்றைக் குறைப்பவர்கள் எதைக் குறைக்கிறார்கள் என்பது இந்த எண்களில் இருக்கிறது.

பட்டன் எப்போது போதாது என்ற கேள்வியில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்பது சட்டம். 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுங்கள் என்பது பல வாகன அமைப்புகளின் அறிவுரை. புது நிலையிலிருந்து 1.6-க்கு வரும்போது ஈரத்தில் நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடலாம் என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 3 மில்லிமீட்டர் அறிவுரையை மிஷெலின் வெளிப்படையாக எதிர்த்தது. எல்லா டயரையும் 3-இல் கழற்றினால் பயன்படுத்தத்தக்க ரப்பர் குப்பையாகும், நல்ல கலவையுள்ள தேய்ந்த டயர் மோசமான புது டயரை விடவும் நன்றாகப் பிடிக்கக்கூடும், எனவே தேய்ந்த நிலையிலேயே டயரைச் சோதியுங்கள் என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம்தான், 8-இலிருந்து 1.6 வரையிலான ஆயுளில் அந்தக் கடைசி 1.4 மில்லிமீட்டர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஐரோப்பா அதை ஏற்றுக்கொண்டு 2024 ஜூலையிலிருந்து புதிய வகை கார் டயர்களைத் தேய்ந்த நிலையிலும் ஈரத்தில் சோதிக்கக் கட்டாயமாக்கியது. என்றாலும் அந்த வாதம் கலவையைப் பற்றியதே. நீர் ஒதுங்கும் இடத்தை அது திருப்பித் தருவதில்லை. நம் பருவமழை தேங்கும் நீரின் மழை. தேய்ந்த நிலைச் சோதனை முடிவும் இங்கே வாங்குபவர் கைக்கு வருவதில்லை. அவர் தானே அளக்க முடிவது ஆழம் ஒன்றை மட்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஆழமானி போதும். ஆகவே ஒரு சமரசத்தைத்தான் பரிந்துரைப்பேன்: வெயில் காலத்தில் 3-க்குக் கீழே ஓட்டலாம், ஆனால் 3-ஐ நெருங்கிய டயரோடு அக்டோபருக்குள் நுழையக் கூடாது. மாற்றுவதாக இருந்தால் செப்டம்பரில் மாற்றுங்கள். உழைப்பில் பெரிதாக ஒன்றும் போகாது; அதிகப் பட்டன் தேவைப்படும் மூன்று மாதங்களுக்குப் புதுப் பட்டன் கிடைக்கும்.

ஏபிஎஸ் இருக்கிறதே, நிலைப்புக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று சொல்வோரும் உண்டு. அவை இருக்கிற பிடிப்பைச் சீராகப் பங்கிடும். இல்லாத பிடிப்பை உண்டாக்காது. மெதுவாக ஓட்டினால் போதாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி, ஏனெனில் அது பெருமளவு உண்மை. வேகத்தைக் குறைப்பதைப் போல் வேறெதுவும் உதவாது. ஆனால் திடீரென்று நிற்க வேண்டிய தேவையை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில், வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில், மெதுவாகப் போகிறவருக்கும் முன்னால் போகிற வண்டி எதிர்பாராமல் நிற்கும்.

தோற்றத்தை நம்பி வாங்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எஸ்யூவிகளில் இப்போது விரும்பிப் போடப்படும் ஆல்-டெரைன் டயரின் பெரிய பட்டன்கள் மழைக்கு உகந்தவை போலத் தெரிகின்றன. கல்லிலும் சேற்றிலும் கிழியாமல் இருக்கச் செய்த அந்தக் கலவையும், பிரேக் பிடித்தால் வளைந்துகொடுக்கும் அந்த உயரமான பட்டன்களும், நனைந்த தார்ச் சாலையில் சாதாரண டயரை விட நீண்ட தூரம் எடுத்துக்கொள்வதே வழக்கம். அகலத்தைக் கூட்டுவதும் அப்படியே: காய்ந்த வளைவில் பயன் உண்டு, தேங்கிய நீரில் அகல டயர் கூடுதல் நீரைத் தள்ள வேண்டியிருப்பதால் முன்னதாகவே மிதக்கும். நிறுவனம் சொன்ன அளவிலேயே நல்ல கலவையை வாங்குவது, சுமாரான கலவையில் ஒரு அளவு கூட்டி வாங்குவதை விட மேல். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். குறைவாக ஓடும் கார்களில் பட்டன் அப்படியே இருக்க, ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போகிறது. ஆழமானியில் தேறும் அந்த டயர் முதல் மழையில் தேறாது.

கடைசியாக, இரண்டே டயர் வாங்க முடிகிற குடும்பங்களின் கேள்வி. எந்த அச்சில் போடுவது? கடைகளில் பெரும்பாலும் முன்னால் போடுகிறார்கள். காரணம் புரிகிறது: இன்றைய சிறு கார்களில் இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரங்கள், பிரேக்கின் பெரும்பளு விழுவதும் அவற்றின் மேல்தான், அவையே சீக்கிரம் தேய்கின்றன. ஆயினும் டயர் நிறுவனங்கள் புதியதைப் பின்னால் போடச் சொல்கின்றன, அதுவே சரி. முன் டயர் நீரில் பிடியை இழந்தால் கார் நேராகப் போகப் பார்க்கும். ஸ்டியரிங்கில் அது உடனே தெரியும், ஓட்டுநர் இயல்பாகவே காலை எடுப்பார், பிடிப்பு திரும்பும். பின் டயர் முதலில் இழந்தால் காரின் வால் பக்கவாட்டில் சுழலும். முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் வராது, காலை எடுப்பது சுழற்சியை இன்னும் கூட்டும். முன்னே உள்ள பழைய இரண்டிலும் 3 மில்லிமீட்டர் இல்லையென்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நான்கையும் மாற்ற வேண்டும். பட்டன் இருந்தால், புதிய இரண்டும் பின்னால். கடைக்காரர் மறுத்தாலும் பின்னால் போடச் சொல்லிக் கேட்கலாம். அலைன்மென்ட் பார்க்கும் அதே நேரத்தில் சக்கரங்களை இடம் மாற்றிவிடலாம்.